பதினான்கு கூரைகளும் ஏழாம் கதவும்

மழை பெய்கிறதா, இல்லை மேகமே இறங்கி வந்து முகத்தைத் துடைக்கிறதா என்று சொல்ல முடியாத ஒரு காலை... நானுஓயாச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய அனோஜா குடையை விரித்துக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினாள். மேலே இருக்கிற ஹோட்டலில் மூன்று நாள் மாநாடு. ட்ரோன், செய்மதிப் படம், கணினி வரைபடம் என்று நிலத்தை அளக்கிற புதுத் தொழில்நுட்பங்களைப் பற்றிப் பேச இந்தியாவிலிருந்தும் இலங்கையின் பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிற அனோஜாவுக்கு, அழைப்பு வந்ததே பெரிய சந்தோஷம். முதல் நாளே பிந்திப் போகக் கூடாது என்று எட்டி நடை போட்டாள்.

"ஏனுங்க... கொஞ்சம் நில்லுங்க..."

குரல் பாதையிலிருந்து வரவில்லை. பக்கத்துத் தேயிலைக்குள்ளிருந்து வந்தது. அனோஜா குடையைச் சாய்த்துப் பார்த்தாள். இடுப்பளவு செடிகளுக்கு நடுவே, கோட்டுப் போட்டு டை கட்டிய ஒருவன் நின்றிருந்தான். ஒரு கையில் கணினிப் பை, மறு கையில் போன். முழங்கால் வரைக்கும் சேறு.

"இந்த ஹோட்டலுக்கு எப்படிப் போறதுங்க? போன்ல இதைத்தான் பாதைன்னு காட்டுது. நடந்து வந்தா திடீர்னு முடிஞ்சு போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அது பாதை இல்லீங்க, கான். மழைத்தண்ணி ஓடுறதுக்கு வெட்டி வச்சிருக்காங்க. மேல இருந்து படம் புடிச்சா பாதை மாதிரித்தான் தெரியும். அப்படியே எடது பக்கமா ஏறி வாங்க... மெதுவா."

ஏறி வந்தான். வழுக்கினான். ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டு, ஒரு வழியாகப் பாதைக்கு வந்து சேர்ந்தான். இமை ரோமங்களில் மழைத்துளிகள் நின்றன. அவன் சிரித்தபோது கண்தான் முதலில் சிரித்தது, வாய் அப்புறம்தான் சேர்ந்துகொண்டது. அனோஜா சட்டென்று பார்வையைக் கீழே இறக்கினாள். இறக்கியதும் நல்லதாகப் போயிற்று...

"அசையாம நில்லுங்க. ஒங்க கால்ல ஒருத்தர் ஏறியிருக்காரு."

அட்டை. கணுக்காலில் நிதானமாக விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்து, கைப்பையிலிருந்து சானிட்டைசரை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு சொட்டு விட்டதும் அட்டை சுருண்டு விழுந்தது. மனுஷனுக்கு உயிர் வந்தது.

ஒரே குடையில் நடந்தார்கள். வேறு வழி இல்லையே... அவன் கோயம்புத்தூர்க்காரன் என்றும், பெயர் ஜீவராஜ் என்றும், இந்த மாநாட்டுக்குத்தான் வந்திருக்கிறான் என்றும் தெரிந்தது. எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

"மேல இருந்து படம் எடுத்தே தரையில என்ன இருக்குன்னு தப்பில்லாமச் சொல்றது எப்படின்னு..."

சொல்லிவிட்டு அவனே தன் காலைப் பார்த்தான். அதற்கு மேல் அனோஜாவால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். ஹோட்டல் வாசல் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்க வேண்டாம் என்று அவளுக்கு ஏன் தோன்றியதோ.

அந்தச் சிரிப்பு பதினொரு மணி வரைக்கும்தான் இருந்தது.

ஜீவராஜ் சேற்றைக் கழுவிக்கொண்டு மேடையேறினான். நன்றாகவே பேசினான். மலைநாட்டுத் தோட்டங்களில் வீடுகளுக்கு விலாசம் இல்லை, ட்ரோன் படத்தை வைத்து வீடுகளை எண்ணி ஒவ்வொன்றுக்கும் இலக்கம் கொடுக்கலாம், எண்ணுகிற வேலையை எங்கள் நிறுவனத்தின் கணினியே செய்துவிடும் என்றான். மாதிரிக்கு ஒரு தோட்டத்தின் படம் திரையில் விரிந்தது.

"டயகம பக்கம் குருவிமலைத் தோட்டம், மேல் கணக்குன்னு சொல்ற மேல் பிரிவு. மொத்தம் பதினாலு வீடு. நாளைக்கு நாம எல்லாரும் நேர்ல போய்ச் சரிபாக்குறோம். நாளான்னைக்கு இந்தக் கணக்கைத்தான் பிரதேச சபைக்குக் கையளிக்கிறோம்."

அனோஜா நாற்காலி நுனிக்கு நகர்ந்து திரையைப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் ஒரு நீண்ட தகரக் கூரை. அதன் நடுவில் ஒழுகலுக்குப் போட்ட நீலப் படங்கு. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் நான்கு பழைய டயர்கள். அந்த டயர்களை அப்பா கூரைக்கு ஏற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

அது அவள் வீடு. வீடு என்றால், வரிசை வீடுகளாலான அந்த லயத்தின் ஏழாம் கதவு. அந்த ஒரு கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன. கணினியோ கூரைக்கு ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, ஒரு வீடு என்று எண்ணியிருந்தது.

எழுந்து சொல்ல வேண்டியதுதானே? சொல்ல முடியாதபடி ஒரு முடிச்சு இருந்தது.

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் வீடு தேடி வருவதில்லை. தோட்ட அலுவலகமான கந்தோரில் போய்க் கிடக்கும், சமயத்தில் கிடந்தே போகும். ஆகவே முக்கியமான கடிதம் என்றால் பஜாரில் தெரிந்த கடை விலாசத்தைக் கொடுப்பது அங்கே எல்லோருக்கும் வழக்கம். அனோஜாவும் வேலைக்கு விண்ணப்பித்தபோது தலவாக்கலை பஜாரில் செல்லசாமி முதலாளியின் புடவைக்கடை விலாசத்தைத்தான் கொடுத்தாள். அலுவலகத்தில் அதைப் பார்த்தவர்கள் அவள் முதலாளி வீட்டுப் பிள்ளை என்று எண்ணிக்கொண்டார்கள். முதல் வாரத்திலேயே மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வாரநாளில் தலவாக்கலையில் அறை எடுத்துத் தங்கினாள், சனிக்கிழமை மட்டும் லயத்துக்குப் போனாள். மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது பக்கத்து நாற்காலியில் மேலதிகாரி தனுஜா மேடம் உட்கார்ந்திருக்கிறாள். எப்படி எழுந்து நிற்பது...

தேநீர் இடைவேளையில் அவனைத் தனியாகப் பிடித்தாள்.

"ஒங்க கணக்கு தப்புங்க. அங்க பதினாலு கூரைதான் இருக்கு. பதினாலு வீடு இல்ல. ஒரு கூரைக்குள்ள பத்து, பன்னண்டு குடும்பம் இருக்காங்க. அந்தப் பதினாலுல ஒண்ணு மாரியம்மன் கோயில், இன்னொண்ணு வேலைக்குப் போறவங்க கொழந்தைகளை விட்டுட்டுப் போற பிள்ளை மடுவம். நீங்க அம்மனுக்கும் ஒரு வீடு குடுத்திருக்கீங்க."

காலையில் அட்டைக்குப் பயந்தவன்தான். ஆனால் தொழில் என்று வந்ததும் நிமிர்ந்துவிட்டான்.

"எங்க கணினி நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியாச் சொல்லுங்க."

"மிச்ச நாலுக்குள்ளதான் அவ்வளவு சனமும் இருக்காங்க போல."

"நீங்க அங்க போயிருக்கீங்களா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள்தான் தடுமாறினாள்.

"போயிருக்கேன்," என்றாள். அந்த ஒரு சொல் நாள் முழுக்க அவளைக் குத்திக்கொண்டே இருந்தது.

மாலையில் அப்பாவுக்குப் போன் போட்டாள். நாளைக்கு ஆபீஸ் ஆட்கள் லயத்துக்கு வருகிறார்கள், நானும் வருகிறேன் என்று சொன்னாள். கடை விலாச விஷயம் அப்பா தம்பையாவுக்குத் தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "சரிம்மா, நாங்க பாத்துக்குறோம்," என்றார்.

என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் மழை விட்டு நல்ல வெயில். வேன் தோட்டத்துக்குக் கீழே நின்றது. இருபது பேர் படியேறினார்கள். நூற்றுப் பத்துப் படி. ஜீவராஜ் மூச்சு வாங்க அவள் பக்கத்தில் வந்து, "படத்துல இது ரெண்டு விரல்கடை தூரம்தாங்க," என்றான். நேற்று அவள் சொன்னதை மனதில் வைத்திருக்கிறான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. தூரத்து மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களின் வரிசை தெரிந்தது. அதில் எங்கேயோ அம்மா மீனம்மா இருப்பாள்... இந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடாதே அம்மா.

லயத்து முற்றத்துக்கு வந்ததும் நாய்தான் முதலில் வரவேற்றது. தனுஜா மேடத்தைப் பார்த்துக் குரைத்தது, கூட வந்த ஹைதராபாத் பேராசிரியரைப் பார்த்துக் குரைத்தது, ஜீவராஜைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே குரைத்தது. அனோஜாவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி அவள் சேலையில் வைத்தது.

"அது யாரைக் கண்டாலும் அப்படித்தாங்க," என்றது ஒரு குரல்.

அப்பா. தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலை வாரியிருந்தார். போன வருடம் மலையில் விழுந்து உடைந்த காலைச் சாய்த்துக்கொண்டு ஏழாம் கதவில் நின்றார். அவளைப் பார்த்தார். வேற்று ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"வாங்க மிஸ். படி ஏறி வந்திருக்கீங்க... உக்காருங்க. டீ ஊத்தவா?"

மிஸ்!

சனிக்கிழமைதோறும் 'வாடா கண்ணு' என்று கூப்பிடுகிற வாய். பக்கத்துக் கதவுகளிலும் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். மகளுடைய கௌரவத்தை அவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்.

ஜீவராஜ் கதவு கதவாக எண்ணிக்கொண்டு வந்தான். முதல் கதவிலேயே அவன் முகம் மாறிவிட்டது. ஒரு கதவு, ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். அடுத்த கதவு, இன்னொரு குடும்பம். ஏழாம் கதவுக்கு வந்தபோது அவன் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தான்.

"ஐயா, இந்த வீட்டுல எத்தனை பேரு?"

தம்பையா ஒரு கணம் தயங்கினார்.

"நானும் எங்க வீட்டுல அவளும்... ரெண்டு பேருங்க."

ஜீவராஜின் பேனா தாளில் இறங்கப் போனது.

"மூணு பேர்."

சொன்னது தான்தான் என்று அனோஜாவுக்கே தெரிய ஒரு நொடி ஆயிற்று. எல்லோரும் திரும்பினார்கள். அவள் குரல் நடுங்கவில்லை.

"மூணு பேர். தம்பையா, மீனம்மா, அனோஜா. நான் இவரோட மக. இதுதான் எங்க வீடு. அந்த நீலப் படங்கு போட்ட கூரை..."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா இது, நான் நல்லாத்தானே சொல்லிக்கிட்டு இருந்தேன்..." என்று அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். அவள் அழுதுவிட்டாள். மூன்று வருடத்து அழுகை அது, சும்மா நிற்குமா?

தனுஜா மேடம்தான் முதலில் அசைந்தாள். கதவோரத்து வாங்கில் போய் உட்கார்ந்து, அவ்வளவு காலமும் புடவைக்கடையில் விலைக் கழிவு கிடைக்கும் என்று நம்பியிருந்ததாக அலுத்துக்கொண்டாள். பிறகு தம்பையாவிடம், எனக்கு ஒரு டீ ஊத்துங்க ஐயா, சீனி கூடப் போடுங்க என்றாள். அவ்வளவுதான். இவ்வளவு நாளும் பயந்தது இதற்குத்தானா என்று அனோஜாவுக்குத் தோன்றியது.

ஏழாம் கதவுக்கு நேரே ஜீவராஜ் மூன்று பெயரையும் நிறுத்தி எழுதினான்.

மூன்றாம் நாள் நிறைவுக் கூட்டத்தில் அவன் பழைய படத்தையே திரையில் போட்டான்.

"முந்தாநாள் இங்க பதினாலு வீடுன்னு சொன்னேன். தப்பு. நேத்து எண்ணினது நூத்தி முப்பத்தியொரு கதவு. எங்க ஊரு வீடுகளைக் காட்டித்தான் கணினிக்குப் பழக்கினோம். அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், எனக்கும் அவ்வளவுதான். முதல் நாளே ஒருத்தவங்க வந்து சொன்னாங்க. நான் கேக்கல."

பெயர் சொல்லவில்லை. அதற்காகவே அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று... ஆனால் பிடித்துப்போன அதே நிமிடத்தில் வீம்பும் தலை தூக்கியது. பாவம் என்று நினைக்கிறானோ? லயத்துப் பிள்ளை, அழுத பிள்ளை என்று இரக்கப்படுகிறானோ? கூட்டம் முடிந்ததும் விடுவிடுவென்று வெளியே நடந்தாள். அவன் பின்னால் ஓடி வந்தான். பாதையில்தான் வந்தான், கானில் அல்ல.

"ஒரு வார்த்தை சொல்லாமப் போறீங்க?"

"என்ன சொல்லணும்? எங்களைப் பாத்துப் பாவப்பட வேணாங்க. எங்களுக்கு அது புடிக்காது."

பனி ஏறி வந்து இருவருக்கும் நடுவே நின்றது. அதற்குள்ளிருந்து அந்தக் கண்கள் மட்டும் அவளையே பார்த்தன.

"தண்ணி ஓடுற எடத்தைப் பாதைன்னு நம்பி நடந்தவன் நான். அட்டை ஏறினதுகூடத் தெரியல. அன்னைக்கு யாருங்க யாரைப் பாத்துப் பாவப்பட்டது?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பலனில்லை.

"ஒங்களுக்குக் கடிதம் எழுதணும். மாநாட்டுப் பட்டியல்ல ஒரு புடவைக்கடை விலாசம் இருக்கு. அதுக்கு எழுத எனக்கு மனசில்ல."

"போன் நம்பர் கேக்க மாட்டீங்களா?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போன்ல சொல்ற விஷயம் இல்லீங்க அது."

அவள் கன்னம் சூடாயிற்று. குடைக் கம்பியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்ப எங்க கதவுக்கு இலக்கம் வரட்டும். அதுக்கு எழுதுங்க."

"எப்ப வரும்?"

"நீங்க கணக்கை ஒழுங்காச் செஞ்சு குடுத்தா சீக்கிரம் வரும்."

நான்கு மாதம் ஆயிற்று. இடையில் ஒரு போன் இல்லை, ஒரு செய்தி இல்லை. சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு இப்படியுமா ஒரு மனிதன் இருப்பான் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. மறந்துவிட்டான் என்று திங்கட்கிழமை நினைத்தாள், மறக்கவில்லை என்று செவ்வாய்க்கிழமை நினைத்தாள். அலுவலகக் கோப்பில் தன் விலாசத்தைத் திருத்தி எழுதிக் கொடுத்தாள். குருவிமலை மேல் கணக்கில் ஒவ்வொரு கதவிலும் சின்ன நீலத் தகடு ஏறியது. அவர்கள் கதவுக்குக் கிடைத்தது ஐம்பத்தைந்து. ஆனாலும் லயத்தில் அது இன்னும் ஏழாம் கதவுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நாய் குரைத்தது. நூற்றுப் பத்துப் படியும் ஏறி வந்த தபால்காரர், தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து நின்றார். லயத்துக் கதவுகளில் எல்லாம் தலைகள்.

"அனோஜா..." அப்பா கூப்பிட்டார். கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ஒனக்குத்தாம்மா. நம்ம கதவு நம்பர் போட்டு வந்திருக்கு."

அந்தக் கதவுக்கு வந்த முதல் கடிதம். பிரித்தாள்.

'அனோஜா, கணக்கை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டேன். மலைநாட்டுத் தோட்டங்களை எல்லாம் கதவு கதவாக எண்ண இரண்டு வருட வேலை வந்திருக்கிறது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது ஹட்டனில்தான் இருக்கிறேன். வேலைக்காக மட்டும் வரவில்லை. உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தக் குடைக்குள் நடந்த அன்றைக்கே பிடித்துவிட்டது. உங்களுக்கும் பிடித்திருந்தால் உங்கள் அப்பாவிடம் வந்து கேட்கிறேன். பதிலை உங்கள் விலாசத்திலிருந்து போடுங்கள். ஜீவராஜ்.'

இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்து கலங்கிப்போயிற்று.

"யாரும்மா?" அப்பா கேட்டார்.

ஒன்றுமில்லை, ஆபீஸ் கடிதம் என்று சொல்லலாம். அந்தப் பொய் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அனோஜா கதவில் இருந்த நீலத் தகட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அன்னைக்கு வந்து எண்ணினாரே, அவருப்பா. என்னைப் புடிச்சிருக்காம்."

குழாயடியில் துணி அலசுகிற சத்தம் நின்றது.

"ஒனக்கு?"

"எனக்கும் புடிச்சிருக்குப்பா."

தம்பையா காலை நீட்டி வாங்கில் உட்கார்ந்தார். வெகுநேரம் எதிர் மலையையே பார்த்தார். பிறகு, அவள் முன்பே சொல்லியிருந்த கான் கதை நினைவுக்கு வந்து, அவர் மீசைக்குள் ஒரு சிரிப்பு மெல்லக் கிளம்பியது.

"வரச் சொல்லு. ஆனா கான் வழியா வந்து நிக்கப்போறாரு. படி வழியா வரணும்னு எழுதிப்புடு."

அனோஜா உள்ளே போய்த் தாளை எடுத்தாள். முதலில் எழுதியது பதிலை அல்ல. உறையின் பின்பக்கத்தில், அனுப்புபவர் என்ற இடத்தில் எழுதினாள்: அனோஜா தம்பையா, இலக்கம் 55, மேல் கணக்கு, குருவிமலைத் தோட்டம், டயகம.


அதற்கப்புறம்தான் பதிலை எழுதினாள். ஒரே வரி. 'எனக்கும் பிடித்திருக்கிறது... படி வழியாக வாங்க.'